கயிறு யார் கையில்?

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். நான் லீனுக்கு எதிரி இல்லை. மெக்கானிக்கல் படிச்சிட்டு ஊரோட ஒத்து பொட்டி தட்ட வந்தவன். நாலு வருஷப் படிப்புல மண்டையில உருப்படியா ஏறினது ரொம்பக் கொஞ்சம். அதுல ஒண்ணு டொயோட்டா உற்பத்தி முறை. அதனாலதான் ஆபீஸ்ல அந்தப் பேரை வச்சு நடக்கிற கூத்தைப் பார்த்தா பத்திக்கிட்டு வருது.

என்ன கூத்துன்னு கேக்கறீங்களா? காலையில பத்தேகாலுக்கு ஸ்டாண்ட்-அப். பேருதான் ஸ்டாண்ட்-அப், முக்கால் மணி நேரம் ஓடும், பாதிப் பேர் சுவத்துல சாஞ்சிருப்பாங்க. அப்புறம் கான்பன் பலகை. அப்புறம் வரவேற்பறையில பூட்டு போட்ட 'கைசன் பெட்டி', கோயில் உண்டியல் மாதிரி. மூணு மாசத்துக்கு ஒருமுறை லீன் வாரம். அந்த வாரம் மேசையைத் துடைச்சு, முன்னாடி ஒரு போட்டோ பின்னாடி ஒரு போட்டோ எடுத்து அனுப்பணும். என் பக்கத்து சீட்டுக்காரர் மானிட்டர் மேல வச்சிருந்த பிள்ளையாரை 'தேவையற்ற பொருள்' பட்டியல்ல சேர்த்துட்டாங்க. அவர் பிள்ளையாரை டிராயர்ல வச்சுட்டு, வாரம் முடிஞ்சதும் எடுத்து பழைய இடத்துல உட்கார வச்சார். விநாயகர் சதுர்த்திக்குக் கூட இப்படி எடுத்து வச்சு இறக்க மாட்டாங்க :-)

இதெல்லாம் சிரிச்சிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது வேற ஒண்ணு இருக்கு, அதுக்குத்தான் இந்தப் பதிவு.

என் கட்சி இதுதான். பலகை, பெட்டி, மஞ்சச் சீட்டு எல்லாம் அலங்காரம். வேலை செய்யறவனுக்கு ரெண்டு விஷயம் கையில இருக்கணும். தப்பு கண்ணுல பட்டா வேலையை நிறுத்தற உரிமை ஒண்ணு. வேலையைச் சுலபமாக்கினா தன்னோட சோத்துலயோ பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவன் சோத்துலயோ மண்ணு விழாதுங்கிற உறுதி இன்னொண்ணு. இந்த ரெண்டும் இல்லாத இடத்துல நடக்கிற தொடர் முன்னேற்றம் எப்படி இருக்கும்னா, ரோட்டோரம் கரும்பு ஜூஸ் பிழியறதைப் பார்த்திருப்பீங்களே, சக்கையை மடிச்சு மடிச்சு மறுபடி மிஷினுக்குள்ள விடுவாங்க, அந்த மாதிரி இருக்கும். மிஷின் நல்லாத்தான் ஓடும். நாம அங்கே கரும்பு.

இந்த நிறுத்தற உரிமை எங்கேர்ந்து வந்ததுன்னு பார்த்தா ஒரு அறுந்த நூல்ல போய் நிக்கும். சாகிச்சி டொயோடா தறி செஞ்சவர். நெசவுல ஒரு இழை அறுந்தா தறிக்குத் தெரியாது. அது பாட்டுக்கு ஓடும், துணி பாட்டுக்கு வீணாகும். அதனால தறியைப் பார்த்துக்கிட்டு ஒரு ஆள் காவல் நிக்கணும். குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கத்து ஆளுங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. சாகிச்சி பண்ணது, இழை அறுந்தா தறி தானா நிக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு. அதெல்லாம் சேர்ந்து 1924-இல் வந்தது ஜி வகைத் தானியங்கித் தறி. 1929-இல் இங்கிலாந்தோட பிளாட் பிரதர்ஸ் கம்பெனி அதுக்கான உரிமையைக் காசு கொடுத்து வாங்கிச்சு. உலகத்துக்கே தறி வித்துக்கிட்டிருந்தவங்க ஜப்பான்காரன்கிட்ட வந்து வாங்கறாங்க! 1937-இல் ஆரம்பிச்ச டொயோட்டா கார் கம்பெனி இந்தக் குடும்பத்தோடதுதான்.

அந்தக் கார் தொழிற்சாலைக்கு ஒரு தறிக் கம்பெனியிலேர்ந்து மாறி வந்தவர்தான் தாயிச்சி ஓனோ. கான்பன், ஏழு வகை விரயம்னு இன்னைக்கு நம்ம பவர்பாயின்ட்ல ஓடற பாதி சமாச்சாரம் அவர் தலையிலேர்ந்து வந்தது. தறிக்கு இருக்கிற நிக்கிற உரிமையை மனுஷனுக்கும் கொடுத்ததை நான் அவரோட பெரிய காரியமா நினைக்கறேன். அசெம்பிளி லைன் ஓரமா ஒரு கயிறு ஓடும். ஏதாவது சரியில்லைன்னா தொழிலாளி அதை இழுப்பார். மேல விளக்கு எரியும், ஒரு பாட்டு கேட்கும், குழுத்தலைவர் ஓடி வருவார். லைன் அந்த நொடியே நின்னுடாது. கார் அந்த நிலையத்தோட எல்லைக்கோட்டைத் தொடறதுக்குள்ள சரி பண்ணிட்டா மறுபடி இழுத்து விளக்கை அணைச்சிடலாம். பண்ண முடியலைன்னா லைன் நிக்கும்.

அந்த விளக்குக்குப் பேரு ஆண்டான். ஜப்பான்ல அந்தக் காலத்துக் காகித விளக்கோட பேரு அது. நம்ம ஊர்ல ஆண்டான்னா யாருன்னு உங்களுக்குத் தெரியும். லைன்ல நிக்கிற கடைசி ஆள் கையில ஆண்டான் கயிறு இருக்குன்னு தமிழ்ல சொல்லிப் பார்த்தா அர்த்தம் இன்னும் நல்லா வருது. (சமீப வருஷங்கள்ல சில ஆலைகள்ல கயிறை எடுத்துட்டு பட்டன் வச்சுட்டாங்க. எனக்கு என்னவோ கயிறுதான் பிடிச்சிருக்கு.)

இதெல்லாம் புஸ்தகத்துல மட்டும் இருக்கிற கதைன்னு நினைச்சிடாதீங்க. காலேஜ்ல இருந்தப்போ அம்பத்தூர் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில ரெண்டு வாரம் பயிற்சிக்குப் போனேன். அங்கே ஒரு அண்ணன், இருபது வருஷ சர்வீஸ், எனக்கு லைனைச் சுத்திக் காட்டினார். "தம்பி, இந்த பட்டனை அமுக்கினா மேல மஞ்ச லைட்டு. ரெண்டு நிமிஷத்துல சூப்பர்வைசர் வந்தாகணும். வரலைன்னா சிவப்பாயிடும். சிவப்புக்கு மேனேஜரே இறங்கி வரணும்." நான் வெகுளியா கேட்டேன், "எத்தனை தடவைண்ணே அமுக்குவீங்க?" "இன்னைக்கு மூணு" அப்படின்னார். எத்தனை டீ குடிச்சீங்கன்னு கேட்டா சொல்ற மாதிரி சொன்னார். ஐடி-க்கு வந்த பிறகு அந்த 'மூணு' எனக்கு அடிக்கடி ஞாபகம் வருது. மெட்ராஸ்ல இந்த வேலையை ஒழுங்கா செஞ்சவங்க நிறைய பேர் உண்டு. டெமிங் பரிசை வாங்கின முதல் இந்தியக் கம்பெனியே பாடியில இருந்த சுந்தரம் கிளேட்டன்தான், 1998-இல். நாம ஓஎம்ஆர்ல உட்கார்ந்து பிரசன்டேஷன்ல படிக்கிறதை அவங்க பாடியில கிரீஸ் கையோட செஞ்சிருக்காங்க.

சரி, இப்போ கொஞ்சம் அமெரிக்கா போவோம். இந்தக் கதையைச் சொல்லாம என் கட்சியை நிரூபிக்க முடியாது.

கலிபோர்னியாவுல ஃப்ரீமான்ட்னு ஒரு ஊர். அங்கே ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு ஆலை. ஜி.எம். ஆலைகள்லயே மோசமானதுன்னு பேர் வாங்கினது. தினமும் 20 சதவீதத்துக்கு மேல ஆளுங்க வேலைக்கு வர மாட்டாங்க. வர்றவங்கள்ல சில பேர் லைன்லயே குடிப்பாங்க. மேனேஜ்மென்ட்டுக்கும் யூனியனுக்கும் குடுமிப்பிடி சண்டை. 1982-இல் இழுத்து மூடிட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு டொயோட்டாவும் ஜி.எம்.மும் கூட்டா அதே ஆலையைத் திறந்தாங்க, பேரு நும்மி. முக்கியமான விஷயம், ஆளுங்க புதுசு இல்லை. அதே யூனியன், பெரும்பாலும் அதே பழைய தொழிலாளிகள். அவங்கள்ல சில நூறு பேரை ஜப்பானுக்கு அனுப்பி, அங்கே லைன்ல நிக்க வச்சு, பழக்கி, திருப்பி அழைச்சு வந்தாங்க. ரெண்டு வருஷத்துக்குள்ள அந்த ஆலை தரத்துல ஜி.எம்.மோட மத்த ஆலைகளைத் தாண்டிடுச்சு. வேலைக்கு வராதவங்க சில சதவீதம்தான். 'லீன்' அப்படிங்கிற வார்த்தையை 1988-இல் ஒரு கட்டுரையில முதல்ல பயன்படுத்தின ஜான் கிராஃப்சிக்கும் நும்மியில வேலை பார்த்த இன்ஜினியர்தான்.

எப்படி நடந்ததுன்னு கேட்டா எல்லாரும் கயிறைச் சொல்வாங்க. உண்மைதான், குடிகாரன்னு சொல்லப்பட்ட அதே ஆளுங்க கையில கயிறைக் கொடுத்தாங்க. ஆனா கயிறுக்கு முன்னாடியே ரெண்டு விஷயம் நடந்தது, அதை யாரும் ஸ்லைடுல போடறதில்லை.

ஒண்ணு, ஒப்பந்தம். கம்பெனியோட பிழைப்புக்கே ஆபத்து வந்தால் தவிர ஆளைக் குறைக்க மாட்டோம்னு யூனியனோட எழுத்துல போட்டாங்க. அப்படி வந்தாலும் முதல்ல மேலதிகாரிகள் சம்பளத்துல கை வைக்கணும்னு அதுலயே இருந்தது. வெறும் காகிதம்னு நினைக்காதீங்க. 1988 வாக்குல கார் விக்கலை. ஆலையோட திறன்ல அறுபது சதவீதம்கூட ஓடலை. பழைய ஜி.எம்.மா இருந்தா கேட்டுல நோட்டீஸ் ஒட்டியிருப்பாங்க. இங்கே யாரையும் அனுப்பலை. மிச்சமான ஆளுங்களைப் பயிற்சிக்கும் கைசன் குழுக்களுக்கும் அனுப்பினாங்க.

ரெண்டாவது எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஸ்டாப்வாட்ச். டெய்லர் காலத்துலேர்ந்து தொழிலாளிக்கு ஜென்ம விரோதி யாருன்னா ஸ்டாப்வாட்சோட பக்கத்துல வந்து நிக்கிற இன்ஜினியர். அவன் வந்தாலே கை மெதுவாகிடும். நும்மியில அந்த ஸ்டாப்வாட்சைத் தொழிலாளிகள்கிட்டயே கொடுத்தாங்க. ஒருத்தரை ஒருத்தர் நேரம் எடுத்து, எந்த வரிசையில செஞ்சா முதுகு வலிக்காது, எது சீக்கிரம் முடியும்னு அவங்களே எழுதி வச்சாங்க. பால் ஆட்லர்ங்கிற பேராசிரியர் 1993-இல் இதை விரிவா எழுதியிருக்கார்.

நம்ம கதைக்கு வருவோம். நம்ம ஸ்டோரி பாயின்ட், பர்ன்டவுன் சார்ட், டைம்ஷீட் எல்லாம் ஸ்டாப்வாட்ச்தானே? அது யார் கையில இருக்கு? 'குழுவோட அளவுகோல், குழுவுக்காக மட்டும்'னு ஆரம்பிச்சது, மாசக் கடைசியில டேமேஜரோட எக்செல்ல ஒரு பத்தியா வந்து உட்கார்ந்திருக்கும். அந்த டீமுக்கு 42, உங்க டீமுக்கு 31, ஏன்? அடுத்த மாசம் நாமளும் 42 ஆயிடுவோம், என்ன இப்போ. ரெண்டு பாயின்ட் வேலைக்கு மூணு போட்டா ஆச்சு. ஃப்ரீமான்ட்ல பழைய ஆளுங்க கையை மெதுவாக்கின அதே வித்தை, கீபோர்டுல.

நும்மி நல்லா ஓடினதைப் பார்த்து ஜி.எம். காப்பி அடிக்கப் பார்த்தது. ஆலையோட ஒரு மூலை விடாம போட்டோ எடுத்து வந்து அதே மாதிரி செய்யச் சொல்லி உத்தரவு வந்ததா அங்கே இருந்தவங்க 2010-இல் ஒரு அமெரிக்க வானொலி நிகழ்ச்சியில சொன்னாங்க. அதே மாநிலத்துல வான் நைஸ் ஆலையில செஞ்சு பார்த்தாங்க. கயிறு மாட்டினாங்க, ஆனா மேலாளருக்குக் கணக்கு எத்தனை கார் வெளியே போச்சுங்கிறதுதான். கயிறை யாரும் இழுக்க விடலை. கோளாறான கார்கள் வெளியே வரிசையா நின்னுச்சு. 1992-இல் அந்த ஆலையையும் மூடினாங்க. கயிறு இருந்தும்தான்.

எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வெள்ளிக்கிழமை ரிலீஸ்தான் கண்ணு முன்னாடி வரும். முந்தி நான் இருந்த ஒரு கம்பெனி, பேர் வேண்டாம். வட்டி கணக்கு போடற ஒரு மாட்யூல். டெஸ்டர் பொண்ணு ஒண்ணு, ரெண்டு வருஷ அனுபவம்தான், மாசம் 31-ல முடிஞ்சா ஒரு நாள் வட்டி கூட வருதுன்னு கண்டுபிடிச்சா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. மேல சொன்னா. வந்த பதில்: "தெரிஞ்ச பிரச்சினைன்னு குறிச்சு வச்சிட்டு விடும்மா, அடுத்த ரிலீஸ்ல பார்த்துக்கலாம்." எங்க பலகையில அந்தச் சீட்டு பச்சையா மாறிச்சு. மாசக் கடைசி வந்தது. அடுத்த மூணு வாரக் கடைசியும் நாங்க பதினாலு பேர் ஆபீஸ்லதான், பழைய கணக்கைத் திருத்திக்கிட்டு. அந்தப் பொண்ணு கையில எல்லாம் இருந்தது. லீன் சான்றிதழ்கூட இருந்தது. கயிறு மட்டும் இல்லை.

அடுத்தது அந்த உறுதி விஷயம். இது இன்னும் கசப்பு.

அதே இடத்துல ஒரு சப்போர்ட் டீம், ஆறு பேர். தினமும் ரெண்டு சிஸ்டத்தோட கணக்கை ஒத்துப் பார்த்து அறிக்கை அனுப்பணும், ஒருத்தருக்கு மூணு மணி நேரம் பிடிக்கும். அந்த டீம்ல ஒரு பையன், சுறுசுறுப்பானவன், ராத்திரி உட்கார்ந்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினான். மூணு மணி நேரம் பத்து நிமிஷமாச்சு. கைசன் பெட்டியில போட்டான். பெரிய கூட்டத்துல கூப்பிட்டு கைதட்டி ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கூப்பன் கொடுத்தாங்க. அடுத்த காலாண்டுல அந்த டீம் நாலு பேராச்சு. அவன் தப்பிச்சான். வெளியே போன ரெண்டு பேர்ல ஒருத்தங்க, அவன் சேர்ந்த புதுசுல அந்தக் கணக்கை எப்படி ஒத்துப் பார்க்கணும்னு பக்கத்துல உட்கார வச்சு சொல்லிக் கொடுத்த அக்கா. பெஞ்ச்ல ரெண்டு மாசம் வச்சிருந்துட்டு அனுப்பிட்டாங்க. அந்தப் பையன் கூப்பனைக் கடைசி வரைக்கும் பயன்படுத்தலை. அவன் மேல எனக்கு எந்தக் குறையும் இல்லை, நல்லது நினைச்சு செஞ்சான்.

அதுக்கப்புறம் என்னாச்சுன்னா, பெட்டி காலி. நிர்வாகத்துக்கு ஆச்சரியம், "நம்ம ஆளுங்களுக்கு முன்னேறணும்ங்கிற மனப்பான்மையே இல்லையே"ன்னு ஒரு பயிற்சி வகுப்பு வச்சாங்க. மனப்பான்மையா இல்லை? அந்த மாடியில ஸ்கிரிப்ட் இல்லாத ஆளே கிடையாது. எல்லார்கிட்டயும் ஒண்ணு இருக்கு, யாரும் யார்கிட்டயும் சொல்றதில்லை. பத்து நிமிஷத்துல முடிச்சிட்டு மூணு மணி நேரம் கழிச்சு மெயில் அனுப்புவான். இப்போ ஏஐ கருவிகள் வந்த பிறகு இது பத்து மடங்கு. நிஜமான கைசன் முழுக்க தலைமறைவா நடந்துக்கிட்டிருக்கு மக்களே. கம்பெனிக்குத்தான் அதுல ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

இதைச் சொன்னா மேனேஜர் நண்பர் ஒருத்தர் கேட்டார், "கம்பெனி என்ன தர்ம சத்திரமாடா?" நியாயமான கேள்விதான். அதுக்கு முன்னாடி நம்ம தொழிலோட கணக்கை ஒருமுறை பாருங்க. பாதி ஒப்பந்தங்கள் தலைக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவுன்னுதான். அதுல விரயத்தைக் குறைச்சா பில் குறையும். அதாவது நம்ம விரயம்தான் நம்ம வருமானம்! ஓனோ இதைக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாரோ. மிச்சப் பாதி, மொத்த விலை ஒப்பந்தம். அதுல மிச்சமாகிற நேரம் அப்படியே லாபம், அதை எடுக்க சுலபமான வழி ஆளைக் குறைக்கிறது. ரெண்டு பக்கமும் வேலை செய்யறவனுக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கிறதுதான் புத்திசாலித்தனம். அவனை சோம்பேறின்னு திட்டறதுல அர்த்தமே இல்லை. நம்ம தொழில்ல இது நடக்காதுன்னும் சொல்லலை. விப்ரோ 2004-லயே இதை மென்பொருள் திட்டங்கள்ல கொண்டு வந்தது. அதைப் பக்கத்துலேர்ந்து ஆராய்ஞ்ச ரெண்டு பேராசிரியர்கள் பலன் இருந்ததுன்னுதான் எழுதினாங்க.

டொயோட்டாவைத் தலைமேல தூக்கி வச்சு ஆடறேன்னு நினைக்காதீங்க. அவங்களும் 1950-இல் திவாலாகிற நிலைமைக்கு வந்து, பெரிய வேலைநிறுத்தம் நடந்து, ஏறக்குறைய ரெண்டாயிரம் பேர் வெளியே போய், கம்பெனியை ஆரம்பிச்ச கீச்சிரோ டொயோடாவே பொறுப்பேத்துக்கிட்டு ராஜினாமா செஞ்சார். அந்த ரணத்துலேர்ந்துதான் ஆளை அனுப்பறதில்லைங்கிற பழக்கமே பிறந்தது. அந்தப் பழக்கமும் நிரந்தரத் தொழிலாளிக்குத்தான். தற்காலிக ஆளுங்க கதை வேற. சதோஷி கமாதாங்கிற பத்திரிகையாளர் தற்காலிகத் தொழிலாளியாச் சேர்ந்து லைன்ல நின்னு 1973-இல் எழுதின புஸ்தகத்தோட பேர்லயே 'நம்பிக்கையிழந்த தொழிற்சாலை'ங்கிற அர்த்தம் இருக்கு. பிடதியில, பெங்களூருக்குப் பக்கத்துல இருக்கிற அவங்க ஆலையில 2020 நவம்பர்ல வேலைநிறுத்தம், கதவடைப்பு. தகராறுல வேலைப் பளுவும் ஒரு காரணம்.

எல்லாத்தையும் விட என்னை உலுக்கினது ஒரு கோர்ட் தீர்ப்பு. 2002 பிப்ரவரி, ஜப்பான்ல டொயோட்டாவோட ஒரு ஆலை. தரக் கட்டுப்பாட்டுல இருந்த ஒரு முப்பது வயசு ஆள், விடியக்காலை நாலு மணி சுமாருக்கு வேலை இடத்துலயே சுருண்டு விழுந்து இறந்துட்டார். கடைசி மாசத்துல நூறு மணி நேரத்துக்கு மேல அதிகப்படி வேலை பார்த்திருக்கார்னு மனைவி சொன்னாங்க. அதுல ஒரு பகுதி தர வட்டக் கூட்டம், யோசனை எழுதறது, அதாவது கைசன். அது 'தானா முன்வந்து செய்யறது', வேலை நேரத்துல சேராதுன்னு அதிகாரிகள் சொல்லிட்டாங்க. அந்த அம்மா விடலை. 2007 நவம்பர்ல நகோயா மாவட்ட நீதிமன்றம் அதுவும் வேலைதான், அந்தச் சாவு வேலையால வந்த சாவுன்னு தீர்ப்பு சொல்லிச்சு. 2008-இல் டொயோட்டா தர வட்ட நேரத்துக்கும் சம்பளம் கொடுக்க ஆரம்பிச்சது. எனக்கு அவரை விட ரெண்டு வயசு கம்மி. சனிக்கிழமை 'விருப்பமுள்ளவர்கள் மட்டும்' நடக்கிற இன்னோவேஷன் டே-க்கு வராதவங்க பேரை மேனேஜர் எங்கே குறிச்சு வப்பார்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இவ்வளவு பேசறியே, நீ என்னடா பண்ணேன்னு கேக்கறது காதுல விழுது. கொஞ்சம் பண்ணியிருக்கோம், இப்போ இருக்கிற டீம்ல.

முதல்ல நேரம் எடுத்தோம், நாங்களே. ஒரு டேட்டாபேஸ் மாற்றம் எங்ககிட்டேர்ந்து கிளம்பி உற்பத்திச் சூழலுக்குப் போய்ச் சேர பதினோரு நாள் ஆகுது. அதுல கை வச்சு வேலை செய்யற நேரம் எவ்வளவுன்னு கூட்டிப் பார்த்தா நாற்பது நிமிஷம். மிச்சம் முழுக்க காத்திருப்பு. மூணு ஒப்புதல், அதுல ஒரு ஒப்புதலைக் கொடுக்கிறவர், "என்னன்னு எனக்கே புரியாதுப்பா, வந்தா கிளிக் பண்ணுவேன்"னு நேர்லயே சொன்னார். ஓனோ தரையில சாக்பீஸால வட்டம் போட்டு, அதுக்குள்ள மணிக்கணக்கா நின்னு பாருன்னு மேலாளர்களைச் சொல்வாராம். எங்க லீடை வட்டத்துல நிக்க வைக்க தைரியம் வரலை, பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு ஒரு நாள் உட்காரச் சொன்னோம். மனுஷன் உட்கார்ந்தார். சாயங்காலமே அந்த ஒரு ஒப்புதல் போயிடுச்சு. பதினொண்ணு ஏழாச்சு. யாரும் வேகமா டைப் அடிக்கலை, யாரும் ராத்திரி தங்கலை.

அப்புறம் கயிறு. டீம் அரட்டைக் குழுவுல யார் வேணா 'கயிறு'ன்னு ஒரு வார்த்தை போட்டா ரிலீஸ் அரை மணி நேரம் நிக்கும். லீட் வந்தாகணும். வந்து முதல்ல கேக்க வேண்டிய கேள்வி "என்ன பார்த்தே?". "ஏன் நிறுத்தினே?"ன்னு ஆரம்பிக்கக் கூடாது. இதை அவரே ஒத்துக்கிட்டார், அதுக்காக அவருக்கு ஒரு கும்பிடு. அஞ்சு மாசத்துல ஒன்பது தடவை இழுத்திருக்கோம். அதுல நாலு வெத்து அலாரம். போன வருஷம் சேர்ந்த பொண்ணு ராத்திரி எட்டு மணிக்கு இழுத்தா, பார்த்தா ஒண்ணுமில்லை, நேர மண்டலக் குழப்பம். லீட் இருபது நிமிஷம் உட்கார்ந்து பார்த்துட்டு, "சரி, பார்த்தது நல்லதுதான், போகலாம்"னு விட்டார். வேற ஒண்ணும் சொல்லலை. ரெண்டு வாரம் கழிச்சு அதே பொண்ணு மறுபடி இழுத்தா. இந்த தடவை தேதி வடிவம். மார்ச் 4, ஏப்ரல் 3 ஆகியிருந்தது. அன்னைக்கு அவளை முதல் தடவை முறைச்சிருந்தாங்கன்னா ரெண்டாவது தடவை இழுத்திருப்பாளா?

ரெண்டாவது விஷயம், அந்த உறுதி, கிடைக்கலை. மேனேஜர்கிட்ட நேராவே கேட்டேன். நாங்க மிச்சம் பிடிக்கிற நேரத்தைக் காட்டி ஆளைக் குறைக்க மாட்டோம்னு எழுதிக் கொடுங்கன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அது என் கையில இல்லப்பா" அப்படின்னார். பொய் சொல்லலை. அவருக்கு மேல இருக்கிறவர்கிட்ட அவர் இழுக்கிறதுக்கும் ஒரு கயிறு இல்லை. ரொம்ப நேரம் பேசி கடைசியில அவர் கையில இருக்கிற அளவுக்கு ஒண்ணு கொடுத்தார். மிச்சமாகிற நேரம் டீமுக்கே, வியாழக்கிழமை மதியம் மூணு மணி நேரம், பழைய கோடைச் சுத்தம் பண்றதோ புதுசு படிக்கிறதோ எங்க இஷ்டம். மெயில்ல எழுதியே கொடுத்தார். மார்ச் 31 வரைக்கும்.

அந்த மெயில் வந்த அடுத்த வியாழக்கிழமை டீம்ல மூணு பேர், இது வரைக்கும் யாருக்கும் காட்டாத ஸ்கிரிப்ட்களை எடுத்து வெளியே வச்சாங்க. ஒருத்தர் ஒன்றரை வருஷமா வச்சிருந்தாராம்! மார்ச்சுக்கு அப்புறம் என்னன்னு மேனேஜருக்கு பதில் மெயில் போட்டிருக்கேன். இன்னும் பதில் வரலை.